ஆறு இலக்கத்துக்கு ஒரே ஆள்

மல்லசமுத்திரத்தில் பருத்தி ஏலம் நடக்கும் நாளில் மூட்டைகள் வரிசை கட்டி நிற்கும். பி.டி. ரகம், சுரபி ரகம், கொட்டு என்று தரம் பிரித்து, குவிண்டாலுக்கு இவ்வளவு என்று வியாபாரிகள் விலை வைப்பார்கள். ஏலத்தை நடத்துவது திருச்செங்கோடு வேளாண் உற்பத்தியாளர் கூட்டுறவு விற்பனைச் சங்கம். விலை வியாபாரியின் வாக்கு. எடை மட்டும் யார் வாக்கும் இல்லை. அதைத் தராசு சொல்கிறது. விவசாயி, வியாபாரி, எடை போடுபவர் மூவரும் அண்ணாந்து பார்ப்பது மேடைத் தராசின் கம்பத்தில் சிவப்பாக எரியும் ஓர் எண்ணை.

இதுபோன்ற சிவப்பு எண்ணை நல்ல வெயிலில் கைபேசியில் படம் எடுத்துப் பாருங்கள். கண்ணுக்கு 57.350 என்று தெளிவாகத் தெரிவது, பல தராசுகளில், படத்தில் 5-ம் 3-ம் மட்டுமாக விழும். இன்னொரு படத்தில் வேறு இரண்டு இலக்கங்கள் இருக்கும், முதலில் விழுந்தவை காணாமல் போயிருக்கும். கைபேசி பழுதில்லை, தராசும் பழுதில்லை. எந்தக் கணத்திலும் அங்கே எரிவது ஒரே ஓர் இலக்கம்தான். 57.350 என்ற முழு எண் அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் ஒருபோதும் முழுதாக இருந்ததில்லை.

ஏன் இப்படி ஓர் ஏற்பாடு? கம்பிக்கணக்குதான். ஓர் இலக்கத்துக்கு ஏழு கோடுகள், ஒரு புள்ளி: ஆக எட்டு விளக்குகள். ஆறு இலக்கத்துக்கு 48. தராசின் மூளையாக இருக்கும் மைக்ரோகண்ட்ரோலர் பெரும்பாலும் 28 அல்லது 40 கால்கள் கொண்ட மலிவான சில்லு. ஒவ்வொரு விளக்குக்கும் ஒரு கால் கொடுக்க அதற்கு வழியில்லை. அதனால் எல்லா இலக்கங்களின் மேல்கோட்டையும் ஒரே கம்பியில் கோத்துவிடுகிறார்கள், நடுக்கோடுகளை இன்னொன்றில், இப்படி எட்டுக் கம்பி. எந்த இலக்கம் எரிய வேண்டும் என்று தேர்ந்தெடுக்க மேலும் ஆறு. மொத்தம் 14. சில்லு முதல் இலக்கத்தை எரியவிட்டு, 2 மில்லிநொடி கழித்து அணைத்துவிட்டு, இரண்டாவதற்குப் போகிறது. ஆறையும் சுற்றிவர 12 மில்லிநொடி, அதாவது நொடிக்கு 80 சுற்றுக்கு மேல். நம் கண் அவ்வளவு வேகத்தைப் பிரித்துப் பார்க்காது. எல்லாம் சேர்ந்து எரிவதாக எடுத்துக்கொள்ளும்.

சில்லுக்கு '5' என்ற எழுத்து தெரியாது. எந்தெந்தக் கோடு எரிய வேண்டும் என்று மட்டும் சொல்ல வேண்டும். மேல்கோட்டுக்கு 1, வலது மேல் 2, வலது கீழ் 4, அடிக்கோடு 8, இடது கீழ் 16, இடது மேல் 32, நடுக்கோடு 64 என்று மதிப்பு வைத்தால், 5 என்பது 1+32+64+4+8, அதாவது 109. எல்லாக் கோடும் எரியும் 8 என்பது 127. 7 என்பது 1+2+4, அதாவது 7-ஏதான். தற்செயலாக அமைந்த இந்த ஒற்றுமை நிரல் எழுதப் பழகுபவர்களுக்கு ஒரு சின்னச் சந்தோஷம். தசமப்புள்ளி வேண்டுமென்றால் 128-ஐக் கூட்டிக்கொள்ளலாம். பத்து எண்களுக்குப் பத்து மதிப்புகள் கொண்ட ஒரு சிறு அட்டவணை போதும். உலகின் மிக எளிய எழுத்துரு இதுதான்.

அட்டவணை எளிது, மாற்றும் கணம் எளிதல்ல. ஓர் இலக்கத்தை அணைக்காமலே கோடுகளை மாற்றினால், அடுத்த இலக்கத்தின் வடிவம் இதன் மேல் மங்கலாகப் படியும். 7-க்குப் பக்கத்தில் உள்ள 1 லேசாக 7 போலத் தெரியும். காசு கொடுத்து வாங்கும் இடத்தில் இந்த ஆவி உதவாது. முதலில் எல்லாவற்றையும் அணை, பிறகு கோடுகளை மாற்று, பிறகு அடுத்த இலக்கத்தை ஏற்று: இந்த வரிசை பிசகக் கூடாது.

திருச்செங்கோட்டைச் சுற்றிய ஊர்களில் விசைத்தறிக் கூடத்துக்குள் போனவர்களுக்கு இந்தச் சில்லின் பிழைப்பைச் சொல்லிப் புரியவைப்பது சுலபம். ஒரே ஆள் பல தறிகளைப் பார்த்துக்கொள்வார். எல்லாத் தறிக்கும் முன்னால் அவர் நிற்க முடியாது. ஒன்றில் தார் தீர்ந்தால் அங்கே ஓடி, நாடாவில் புதுத் தார் போட்டு ஓட்டிவிட்டு, விட்ட இடத்துக்குத் திரும்புவார். சில்லும் அப்படித்தான். ஒரு வேலையில் இருக்கும்போது கடிகாரம் அழைக்கும்: "2 மில்லிநொடி ஆயிற்று, அடுத்த இலக்கம்." கையில் இருப்பதை அப்படியே வைத்துவிட்டு ஓடி, இலக்கத்தை மாற்றிவிட்டு, திரும்பிவந்து தொடரும். நிரலாளர்கள் இதை இன்டரப்ட் என்பார்கள். தராசு, டிக்கெட் மெஷின், பால் பரிசோதனைக் கருவி எதை எடுத்துக்கொண்டாலும், சின்னச் சில்லில் நிரல் எழுதுவது என்பது பெரும்பாலும் கணக்குப் போடுவதல்ல. யாரை எவ்வளவு நேரம் காக்கவைக்கலாம் என்று தீர்மானிப்பதுதான்.

இப்போது மூட்டையின் பக்கம் வருவோம். மேடைக்கு அடியில் இருப்பது லோடு செல் எனப்படும் ஓர் உலோகக் கட்டை. மூட்டை ஏறினால் அது கண்ணுக்குத் தெரியாத அளவு வளையும். அதன் மேல் ஒட்டிய மெல்லிய உலோகப் படலம் இழுபட்டு, அதன் மின்தடை சற்றே மாறும். 1938-இல் அமெரிக்காவில் எட்வர்ட் சிம்மன்ஸ், ஆர்தர் ரூஜ் என்ற இருவர் ஒருவருக்கொருவர் தெரியாமல் கண்டுபிடித்த உத்தி இது. நான்கு படலங்களை வீட்ஸ்டன் பாலம் என்ற மின்சுற்றாகக் கட்டி 5 வோல்ட் கொடுத்தால், 300 கிலோ முழுச் சுமைக்கும் வெளிவருவது ஏறத்தாழ 10 மில்லிவோல்ட். 50 கிராமுக்கு ஒரு படி என்று காட்டும் தராசில் 6,000 படிகள். ஒரு படிக்குக் கிடைப்பது ஒரு வோல்ட்டின் பத்து லட்சத்தில் ஒன்றே முக்கால் பங்குக்கும் குறைவு. கிலோ 75 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், அந்தத் துளி மின்னழுத்தத்தின் விலை 3 ரூபாய் 75 காசு.

இவ்வளவு சிறிய அளவை எண்ணாக்குவதற்கென்றே செய்யப்பட்டது எச்எக்ஸ்711 என்ற சில்லு. கைவினைத் தராசு செய்யும் கல்லூரி மாணவர்கள் முதலில் வாங்குவதும் இதைத்தான். வந்த சமிக்ஞையை 128 மடங்கு பெருக்கி, 24 இரும இலக்கம் கொண்ட எண்ணாக மாற்றும். கணக்குப்படி நம் 50 கிராமை அது ஏறக்குறைய 700 துண்டுகளாகப் பிரித்துச் சொல்லும். அதற்காகக் கடுகின் எடையும் தெரியும் என்று மகிழ வேண்டாம். அந்த எண்ணின் கடைசிப் பகுதி முழுக்க மின் இரைச்சல்தான்.

எனக்கு இந்தச் சில்லில் பிடித்தது அது பேசும் விதம். இரண்டே கம்பி. அளவு தயாரானதும் ஒரு கம்பியைத் தாழ்த்தி, எடுத்துக்கொள் என்று காட்டும். மைக்ரோகண்ட்ரோலர் இன்னொரு கம்பியை உயர்த்தித் தாழ்த்த, ஒவ்வொரு துடிப்புக்கும் ஓர் இரும இலக்கம் வரும். 24 துடிப்பில் எண் முழுதாக வந்துவிடும். 25-ஆவது துடிப்போடு நிறுத்தினால் அடுத்த அளவையும் 128 மடங்கில் எடு என்று அர்த்தம்; 26 என்றால் இரண்டாவது உள்ளீட்டை 32 மடங்கில்; 27 என்றால் முதல் உள்ளீட்டையே 64 மடங்கில். கட்டளைக்கென்று தனி மொழி கிடையாது. எத்தனை முறை தட்டினாய் என்பதே கட்டளை.

இந்தச் சிக்கனத்தில் ஒரு கண்ணி இருக்கிறது. துடிப்புக் கம்பியை 60 மைக்ரோநொடிக்கு மேல் உயரத்திலேயே விட்டுவைத்தால், வேலை முடிந்தது என்று நினைத்து எச்எக்ஸ்711 தூங்கிவிடும். மேலே சொன்ன கதையையும் இதையும் சேர்த்துப் பாருங்கள். மைக்ரோகண்ட்ரோலர் 13-ஆவது துடிப்பைக் கொடுக்கக் கம்பியை உயர்த்துகிறது. அந்த நொடித்துணுக்கில் கடிகாரம் அழைக்கிறது: அடுத்த இலக்கம்! கம்பியை உயர்த்தியபடியே விட்டுவிட்டு அது காட்சிப்பலகைக்கு ஓடுகிறது. அங்கே 70 மைக்ரோநொடி ஆகிவிட்டால் போச்சு. திரும்பி வரும்போது எச்எக்ஸ்711 உறங்கியிருக்கும். மிச்ச துடிப்புகளுக்குப் பதிலாகக் கிடைப்பது குப்பை. தராசு பத்து முறை சரியாகக் காட்டிவிட்டுப் பதினோராவது முறை திடீரென்று ஒரு பைத்தியக்கார எண்ணைக் காட்டும். எப்போதாவது வரும் பிழை என்பதால் பட்டறையில் பிடிபடாது, ஏலத்தன்று பிடிபடும்.

பயந்துபோய், எடையைப் படிக்கும் நேரம் முழுக்க இன்டரப்ட்களை அடைத்துவைப்பவர்கள் உண்டு. அப்போது எடை சரியாக வரும், ஆனால் எரிந்துகொண்டிருந்த இலக்கம் கொஞ்சம் கூடுதல் நேரம் எரிந்து, எண்கள் துடிக்கத் தொடங்கலாம். இதைவிட நயமான வழி எச்எக்ஸ்711-இன் குணத்தைக் கவனித்தால் கிடைக்கும். கம்பி உயரத்தில் இருந்தால்தான் அதற்குப் பொறுமை இல்லை. தாழ்வில் இருந்தால் அது கோபிப்பதில்லை. எனவே, உயர்த்தித் தாழ்த்தும் அந்த ஒன்றிரண்டு மைக்ரோநொடிக்கு மட்டும் காதைப் பொத்திக்கொண்டு, தாழ்ந்ததும் திறந்துவிட்டால் போதும். இரண்டு துடிப்புகளுக்கு நடுவே காட்சிப்பலகை தன் வேலையை முடித்துக்கொள்ளும். நிரலில் கூடுவது இரண்டே வரி.

"ஏனுங்க, கடைசி நம்பரு ஆடிட்டே இருக்குதுங்களே" என்று விவசாயி கேட்பதில் நியாயம் உண்டு. மூட்டை இறக்கிய அதிர்ச்சியில் மேடை ஆடும், காற்று தள்ளும், மின் இரைச்சல் சேரும். வந்த எண்ணை அப்படியே காட்டினால் யாரும் படிக்க முடியாது. அதனால் நிரல் கடைசி எட்டு அளவுகளின் சராசரியைக் காட்டும். நொடிக்குப் பத்து அளவு என்றால் எண் நிலைக்கு வர முக்கால் நொடிக்கு மேல் ஆகும். இன்னும் அமைதி வேண்டுமென்று 32 அளவுகளைச் சராசரி எடுத்தால் மூன்று நொடிக்கு மேல் சுமைதூக்குபவர் காத்திருக்க வேண்டும். நல்ல தராசு தந்திரம் செய்யும்: புதிய அளவு பழையதிலிருந்து வெகுவாக விலகினால் சராசரியைத் தூக்கியெறிந்துவிட்டு உடனே பின்தொடரும், விலகல் சிறிதென்றால் நிதானமாகச் சராசரி எடுக்கும். அளவுகள் சில நொடித்துணுக்குகளுக்கு ஒரு படிக்குள் அடங்கினால்தான் ஓரத்தில் 'நிலை' விளக்கை ஏற்றும். எண்ணைவிட அந்த விளக்கைப் பார்க்கப் பழகுவது நல்லது.

இன்னொரு தந்திரம் பூஜ்யத்தைத் துரத்துவது. பருத்தித் தூசி மேடையில் படியப் படியக் காலி மேடையின் எடை மெல்ல ஏறும். பூஜ்யத்தை ஒட்டி மிக மெதுவாக நிகழும் மாற்றங்களை நிரல் தானே விழுங்கி மீண்டும் 0.000 ஆக்கிவிடும். காலி மேடையில் ஒவ்வொரு மணியாக அரிசியைப் போட்டுக்கொண்டே இருந்தால் அப்படிப்பட்ட தராசு அசையாது நிற்கும். கைப்பிடியாகப் போட்டால் உடனே சொல்லும்.

ஆக, கம்பத்தில் எரியும் எண் நேரே மூட்டையிலிருந்து வந்ததல்ல. நடுவில் ஒரு நிரல் எடைபோட்டு, தள்ளி, சேர்த்து, இதைக் காட்டலாம் என்று தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. பழைய தட்டுத் தராசில் ஏமாற்று வேலை கையில் இருந்தது, உற்றுப் பார்த்தால் தெரியும். இதில் ஒரு பெருக்கல் எண்ணை மாற்றினால் போதும். அதனால்தான் 2009-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டத்தின் கீழ் வந்த விதிகள் மின்னணுத் தராசுகளை ஆண்டுதோறும் சரிபார்த்து முத்திரையிடச் சொல்கின்றன. தமிழ்நாட்டில் அது தொழிலாளர் துறையின் பொறுப்பு. தராசைத் திருத்தும் பொத்தானைத் தொட வேண்டுமானால் முத்திரை உடையும்படி அமைத்திருக்க வேண்டும். முத்திரை ஆய்வாளர் சோதிப்பது நிரலின் வரிகளை அல்ல, விளைவை: தெரிந்த எடைக்கல்லை வைத்துப் பார்க்கிறார். நம் 300 கிலோ தராசில் 60 கிலோ வைத்தால் ஒரு படி, அதாவது 50 கிராம், இப்படியோ அப்படியோ விலகலாம். அதற்கு மேல் கூடாது. நடைமுறைக்கு இது போதும் என்பதே என் எண்ணம். வரிகளைப் படித்து நேர்மையை நிறுவுவது எவருக்கும் எளிதல்ல.

எண் கம்பத்தோடு நின்றுவிட்டால் வேலை சுலபம். ரசீது வேண்டும் என்று கேட்கும்போதுதான் அடுத்த சிக்கல் வரும். எடை 57.950-இலிருந்து 58.000-க்கு மாறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நிரல் நினைவகத்தில் ஒவ்வோர் இலக்கமாக மாற்றி எழுதுகிறது. 7-ஐ 8 ஆக்கியாயிற்று, பின்னால் உள்ள 9-ஐயும் 5-ஐயும் இன்னும் தொடவில்லை. அந்த இடைவெளியில் பிரிண்டருக்கு அனுப்பும் வேலை குறுக்கே புகுந்தால் ரசீதில் விழுவது 58.950. இருந்த எடையும் இல்லை, வந்த எடையும் இல்லை. காகிதத்தில் கிட்டத்தட்ட ஒரு கிலோ முளைத்துவிட்டது. இதே பிழை காட்சிப்பலகையில் வந்தால் இரண்டு மில்லிநொடியில் மறைந்துவிடும். காகிதத்தில் மறையாது.

தீர்வு கணினி விளையாட்டுகளில் படம் வரையும் அதே உத்தி: இரண்டு பிரதிகள். ஒன்று எல்லோரும் பார்ப்பது, மற்றது மறைவில் எழுதப்படுவது. மறைவில் ஆறு இலக்கத்தையும் எழுதி முடித்தபின், இனி இதைப் பார் என்று ஒரே அடியில் சுட்டியை மாற்றிவிட வேண்டும். பாதி எழுதிய எண் எவர் கண்ணிலும் படாது. ஆறு பைட் கூடுதல் நினைவகம்தான் செலவு.

ஆறு பைட் என்பதால் சொல்வது சுலபம். எண் போதாது, ரகமும் விவசாயியின் பெயரும் தமிழில் தெரிய வேண்டும் என்றால் எல்லாக் கணக்கும் மாறும். மலிவான எழுத்துத் திரைகளில் ஓர் எழுத்துக்குக் கிடைப்பது ஐந்துக்கு எட்டுப் புள்ளி. இட்டாச்சி நிறுவனத்தின் எச்டி44780 வகைத் திரைகளில் ஆங்கில எழுத்துகள் உள்ளேயே பதிந்திருக்கும். நாமாக வரைந்து சேர்க்க எட்டே இடம். அந்தச் சட்டத்துக்குள் 'ண'-வின் மூன்று சுழியை அடக்கிப் பாருங்கள். எனவே புள்ளிப்புள்ளியாக வரையும் திரைக்குப் போக வேண்டும். பரவலாகக் கிடைக்கும் எஸ்எஸ்டி1306 திரையில் 128-க்கு 64 புள்ளிகள், அதாவது 1,024 பைட். ஆர்டுவினோ பலகையில் வரும் ஏடிமெகா328பி சில்லின் வேலை நினைவகமே 2,048 பைட்தான். படத்துக்கே பாதி போய்விடும். இரண்டு பிரதி உத்தியை இங்கே பேச முடியாது.

திரையை நிரப்பும் நேரமும் உண்டு. பிலிப்ஸ் நிறுவனம் 1982-இல் கொண்டுவந்த ஐ-ஸ்கொயர்-சி முறையில் இரண்டே கம்பி. பைட்டுக்கு ஒன்பது துடிப்பு. நொடிக்கு ஒரு லட்சம் துடிப்பில் முழுத்திரைக்கு 92 மில்லிநொடி. நான்கு லட்சத்தில் 23. எஸ்பிஐ முறையில் ஒன்றிரண்டு கம்பிகளைக் கூட்டி 80 லட்சம் துடிப்பில் ஓட்டினால் ஒரு மில்லிநொடி சொச்சம். எடை காட்டும் கருவிக்கு எளிய பதில், மாறிய இலக்கத்தின் கட்டத்தை மட்டும் திருப்பி வரைவது.

தமிழ் எழுத்துகளை எப்படிச் சேமிப்பது? 247-க்கும் தனித்தனிப் படம் வேண்டியதில்லை. துணைக்கால், ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, சங்கிலிக்கொம்பு நான்கும் தனிப்படம். 18 மெய்க்கும் அகரம், புள்ளி, இகரம், ஈகாரம், உகரம், ஊகாரம் என ஆறு வடிவம்: 108. உயிர் 12, ஆய்தம் ஒன்று. மொத்தம் 125. ஓர் எழுத்துக்குப் பதினாறுக்குப் பதினாறு புள்ளி, 32 பைட் என்றால் 4,000 பைட். 32 கிலோபைட் நிரல் நினைவகத்தில் எட்டில் ஒரு பங்கு. யூனிகோடில் 'கொ' என்பது முதலில் க, பிறகு ஒகரக்குறி என்று வரும். திரையில் கொம்பு முன்னால், கால் பின்னால் வர வேண்டும். இந்த வரிசை மாற்றத்தைப் பெரிய கணினிகளில் இயங்குதளம் பார்த்துக்கொள்ளும். இங்கே அந்தப் பத்துப் பதினைந்து வரியையும் நிரலாளரே எழுத வேண்டும். எழுதிவிடலாம், பலர் எழுதுவதில்லை என்பதுதான் குறை.

அச்சில் விலை இன்னும் ஏறும். 58 மில்லிமீட்டர் காகிதச் சுருள் பிரிண்டரில் குறுக்கே 384 புள்ளிகள். ஆங்கிலத்தில் 32 எழுத்து அனுப்பினால் ஒரு வரி. நொடிக்கு 9,600 பிட் போகும் தொடர் கம்பியில் அது 33 மில்லிநொடி வேலை. பிரிண்டருக்குத் தமிழ் தெரியாது என்றால் அதே வரியைப் படமாக அனுப்ப வேண்டும். 24 புள்ளி உயரத்துக்கு 1,152 பைட், 1.2 நொடி. முப்பத்தாறு மடங்கு. பத்து வரி ரசீதுக்கு 12 நொடி என்றால் வரிசையில் நிற்பவர் முணுமுணுப்பார், கடைக்காரர் ஆங்கிலத்துக்கே மாற்றிக்கொள்வார். கம்பியின் வேகத்தை 1,15,200 பிட்டாக உயர்த்தினால் தமிழ் வரி ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கில் போய்விடும். பல பிரிண்டர்களில் இந்த வேகம் உண்டு. தொழிற்சாலையில் 9,600 என்று வைத்து அனுப்பியதை யாரும் தொடாமல் விட்டிருப்பார்கள்.

காத்திருப்பு ரசீதோடு முடிவதில்லை. தமிழ்நாட்டு ரேஷன் கடைகளில் அண்மையில் மின்னணுத் தராசை விற்பனை முனையக் கருவியோடு ப்ளூடூத் வழியே இணைக்கும் ஏற்பாடு வந்தது. தராசு சொல்லும் எடை கை படாமல் பில்லுக்குப் போகிறது. அரிசியைக் குறைத்துப் போட்டுவிட்டு முழு எடை என்று பதிவதற்கு இடமில்லை. நோக்கத்தில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் பொருள் ஒவ்வொன்றுக்கும் எடை நிலைக்கு வரவும், கருவிக்குப் போகவும், அது ஒப்புக்கொள்ளவும் காத்திருக்க வேண்டும். ஒரு குடும்ப அட்டைக்கு முன்பைவிட நேரமாகிறது என்று கடைப் பணியாளர்கள் குறைபட்டார்கள். இந்தத் தாமதத்தில் ப்ளூடூத்தின் பங்கு எவ்வளவு, சராசரி எடுக்கும் நிரலின் பங்கு எவ்வளவு, தொலைவில் உள்ள சர்வரின் பங்கு எவ்வளவு என்று வெளியிலிருந்து பார்ப்பவர் பிரிக்க முடியாது. ஒவ்வொரு கட்டத்திலும் கடிகாரத்தைப் பதிவுசெய்யும் நான்கு வரி நிரலுக்குள் இருந்தால் ஒரே நாளில் தெரிந்துவிடும்.